பெப்பர்மின்ட் கடல்பாசி

கனடாவிலிருந்து வந்த பெட்டியைக் கூடத்தில் வைத்துத் திறந்தோம். மாமியாருக்கு ஒரு ஸ்வெட்டர், கோடு போட்ட குச்சிமிட்டாய், விரல் உயரத்துக்குப் பிளாஸ்டிக் கிண்ணங்கள், சின்னக் குப்பியில் பெப்பர்மின்ட் எசன்ஸ், அப்புறம் துண்டில் பத்திரமாகச் சுற்றிய இரண்டு வோட்கா பாட்டில். தஞ்சாவூர் ஜில்லாவில் ஸ்வெட்டர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மாமியார் செபஸ்தியம்மாள் அதை உடனே போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தார். பல வருஷம் கழித்து வந்திருக்கும் மூத்த பிள்ளை. கம்பளி மூட்டையைக் கொடுத்திருந்தாலும் போர்த்திக்கொண்டிருப்பார்.

மூத்த பிள்ளையின் பெயர் ஜெக்கரியா. என் வீட்டுக்காரர் சகாயராஜுக்கு அண்ணன். நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன்.

"ஜூலியட், கிறிஸ்மஸ் அன்னைக்குச் சாயங்காலம் என் கூட்டாளிப் பசங்களை எல்லாம் மாடிக்கு வரச் சொல்லியிருக்கேன். ஜெல்லி ஷாட்ஸ் பண்றோம். எங்க ஆபீஸ் பார்ட்டியில வருஷா வருஷம் நான் பண்றதுதான் ஃபேமஸ்" என்றார்.

"அப்படின்னா என்ன பெரியத்தான்?"

"ஜெல்லிதாம்மா. தண்ணியில பாதியைக் குறைச்சு அதுக்கு வோட்கா. ஒரு அடுக்கு சிவப்பு, ஒரு அடுக்கு வெள்ளை. கிண்ணத்துல ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வெச்சா கட்டியாயிடும். ஒரே வாய்தான். இது குடிக்கிறதே இல்ல, சாப்பிடுறது."

குடிக்கிறது இல்லையாம், சாப்பிடுறதாம். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இவர் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

போன கிறிஸ்மஸுக்கு இவர் குடித்துவிட்டு வாய்க்காலில் குப்புறக் கிடந்தார். பக்கத்துத் தெரு ஷமீராவின் புருஷன் பார்த்துத் தூக்கி வராவிட்டால் நான் இப்போது வெள்ளைப் புடவையில் இருந்திருப்பேன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி தொட்டால் ஈரல் தாங்காது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். தவக்காலத்தில் இவர் பூண்டி மாதா கோயிலில் முட்டி போட்டுச் சத்தியம் செய்தார். அன்றிலிருந்து தொடவில்லை. எப்படி இருந்தார் என்பதைப் பக்கத்தில் படுத்த எனக்குத்தான் தெரியும். கை நடுங்கும். ரிப்பேருக்கு வந்த மோட்டாருக்குக் காயில் கட்டும்போது கம்பி அறுந்து போகும். மறுபடி முதலிலிருந்து கட்டுவார்.

இதெல்லாம் பெரியத்தானுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பது மாமியாரின் உத்தரவு. மாமனார் குடித்தே செத்தவர். கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளிய கையோடு பெரியத்தான் தம்பியிடம், "நீயும் ஒருநாள் தொட்டேன்னு என் காதுல விழுந்துச்சு, அதோட எனக்குத் தம்பியும் கிடையாது, இந்த வீடும் கிடையாது" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறியவர். அதனால் ஆஸ்பத்திரியில் கிடந்ததற்கு மஞ்சள் காமாலை என்று பெயர் வைத்தார் மாமியார். போனில் அவர் அழுது அழுது காமாலையை விவரித்ததைக் கேட்டு எனக்கே காமாலைதானோ என்று தோன்றியது.

இப்போது அதே பெரியத்தான் இரண்டு பாட்டிலோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். வேண்டாம் என்றால் ஏன் என்பார். ஏன் என்று சொன்னால் பெட்டியைக் கட்டுவார். மாமியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்ற பார்வை.

"ஜெலட்டின் மட்டும் நாளைக்குத் தஞ்சாவூர்ல வாங்கிக்கலாம்" என்றார் பெரியத்தான்.

"அது எதுலடா எடுக்கறது?" என்று கேட்டார் மாமியார்.

"மாட்டு எலும்பு, தோல் எல்லாம் காய்ச்சி எடுப்பாங்கம்மா."

"மாதாவே! நாளைக்குத் திருநாளுக்கு முந்தின நாள். சுத்தபோசனம், கவிச்சி கூடாது. இந்த வீட்டு அடுப்புல எலும்பு ஏறாது."

"சாமியாரே இப்பல்லாம் அதைக் கேக்கறதில்லம்மா."

"சாமியாருக்கு நான் சமைக்கல. உங்க அப்பா இருந்தப்பவே அன்னைக்குக் கறி எடுத்ததில்ல." பிறகு பாட்டிலைக் காட்டி, "இது எதுல எடுக்கறது?" என்றார்.

"கோதுமைம்மா."

"கோதுமைன்னா பரவாயில்ல" என்றார் மாமியார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தன் புருஷனைக் கொன்ற சரக்குக்குக் கதவு திறந்தாயிற்று, மாட்டு எலும்புக்குத்தான் தடை. நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்பதற்காக, "கடல்பாசி போட்டுச் செய்யலாம் பெரியத்தான். ரம்ஜானுக்கு ஷமீரா செய்வா. அது சுத்த சைவம்" என்று சொல்லிவைத்தேன். அப்போது என் தலையில் ஒரு திட்டமும் கிடையாது.

திட்டம் ஷமீரா வீட்டு வாசலில் வந்தது. கடல்பாசிப் பாக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டு அவள் சொன்னாள்: "நல்லாக் கொதிச்சுக் கரையணும்க்கா. ஆற விட்டுராதீங்க, அப்படியே கட்டியாயிரும், ஜெலட்டின் மாதிரி ஃப்ரிட்ஜுக்குக் காத்திருக்காது. எசன்ஸை மட்டும் அடுப்பை அணைச்சிட்டுக் கடைசியில ஊத்துங்க. கொதிக்கிறப்ப ஊத்தினீங்கன்னா வாசமெல்லாம் ஆவியா ஓடிரும்."

வாசமே ஓடும் என்றால் சாராயமும் ஓடும். வாய்க்கால் ஓரமாக மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு முதல் தடவையாக மூச்சு வந்தது.

மறுநாளும் மழை விடவில்லை. சம்பாக் கதிர் வெளியே வந்து நிற்கிற நேரத்தில் இந்த மழையா என்று தெருவில் எல்லோரும் வானத்தைத் திட்டினார்கள். வயலில் முழுகிய பம்புசெட் மோட்டார்கள் இவருடைய கடையில் வரிசையாக வந்து கிடந்தன. கடை என்றால் வீட்டோடு ஒட்டிய முன்பக்க அறைதான். சமையலறை ஜன்னல்களைச் சாரலுக்காக மூடிவிட்டு நான் கடல்பாசியைக் கொதிக்க வைத்தேன். பெரியத்தான் பாட்டிலோடு வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். என் கையில் கொடுங்கள் என்றால் கொடுக்கமாட்டார், அவருடைய ஃபேமஸ் ஆயிற்றே.

"கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் ஊத்தணும்" என்றார்.

நான் ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் ஊற்றினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டியானது. "பாருங்க. ஆறினா இப்படி ஆயிடும், அப்புறம் எங்க கலக்குறது? இதுக்குக் கொதியிலதான் ஊத்தணும்."

"சரக்கு ஆவியா போயிடாதா?"

"தட்டு போட்டு மூடிட்டா எங்க போகும்?" என்றேன். பொய்தான். அவர் இன்ஜினியர். ஆனால் அம்மா வீட்டுச் சமையலறையில் எந்த இன்ஜினியரும் வாதாடுவதில்லை. தன் கையாலேயே ஒரு பாட்டில் முழுவதையும் ஊற்றினார். நான் மூடினேன். கோயிலில் கிறிஸ்மஸ் குடில் கட்ட ஆள் போதவில்லை என்று போன் வந்தது. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் தெருமுனை திரும்பினதும் தட்டை எடுத்தேன். ஆவி குப்பென்று முகத்தில் அடித்தது. பாத்திர விளிம்பில் நீலமாக ஒரு நெருப்பு ஓடி அணைந்தது. பயந்துபோய் அடுப்பைக் குறைத்தேன். கிண்டிக்கொண்டே இருந்தேன். சுண்டச் சுண்டத் தண்ணீர் ஊற்றி மறுபடி கொதிக்க வைத்தேன். கையெல்லாம் வலித்தது. போ, போ, இந்த வீட்டை விட்டுப் போ என்று வாய்விட்டே சொன்னேன்.

அது வீட்டை விட்டுப் போகவில்லை. ஜன்னல் மூடியிருந்தது, வெளியே மழை. அறை முழுக்க அந்த வாடை நின்றது. திரும்பினால் வாசற்படியில் இவர் நிற்கிறார். கையில் மோட்டார் ஒயரோ ஏதோ. கண் பாத்திரத்தில் இருந்தது. மூக்கு விரிந்து விரிந்து அடங்கியது.

"என்ன வாசம்?" என்றார்.

"பெப்பர்மின்ட்டு" என்றேன்.

கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் மாமியார் பின்கட்டில் அதிரசத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தால் பெரியத்தானின் பார்ட்டியைக் கெடுத்தவள் என்று ஒரு ஆட்டம் ஆடுவார். அதோடு, இவருக்குத் தெரிந்தால் அண்ணன் முன்னால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். எல்லாம் முடிந்த பிறகு சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இவர் திரும்பி, குடை இல்லாமல் மழையில் இறங்கிப் போனார்.

வாடை முழுக்க அடங்கிய பிறகு கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். வெறும் தண்ணீர்ப் பாசி. இதைத் தின்றுவிட்டு யாரும் நம்பமாட்டார்கள். இஞ்சிச் சாறு பிழிந்தேன். மிளகைத் தட்டிக் கஷாயம் வைத்து வடிகட்டி ஊற்றினேன். கடைசியில் எசன்ஸ். தொண்டை எரிந்து மூக்கு சில்லிட்டது. பாதியில் சிவப்புச் சாயம், மீதியில் மில்க்மெய்ட். கிண்ணங்களில் அடுக்கடுக்காக ஊற்றினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கிறுக்கு அழகு.

இரண்டாவது பாட்டில் கூடத்து அலமாரியில் கண்ணுக்கு நேரே இருந்தது. அதை எடுத்து அரிசி டிரம்முக்குள் ஆழமாகப் புதைத்தேன். பெரியத்தான் கேட்டால் யாராவது மாடிக்கு எடுத்துப் போயிருப்பார்கள் என்று சமாளிக்கலாம். வீட்டில் பாட்டில் ஒளிக்க எது நல்ல இடம் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

கிறிஸ்மஸ் அன்று மத்தியானம் பிரியாணி முடிந்து, சாயங்காலம் மாடி ஹாலில் பெரியத்தானின் கூட்டாளிகள் சேர்ந்தார்கள். ஸ்டார் விளக்கு எரிந்தது. பெரியத்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். உரக்கடை துரைக்கண்ணு அவருடைய பள்ளிக்கூடத் தோழர். நாலு கிண்ணத்தை வாயில் கவிழ்த்துவிட்டுக் கண்ணைச் சொருகினார்.

"மாப்ள, ஜிவ்வுன்னு ஏறுதுடா! மண்டைக்குள்ள ஏசி போட்ட மாதிரி இருக்கு!"

"மெதுவாடா. கனடாவுலயே ரெண்டுக்கு மேல தாங்கமாட்டானுங்க" என்றார் பெரியத்தான். அவருக்கே நாக்கு குழறியது. ஒருத்தர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இன்னொருத்தர் தன் பெண்டாட்டிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். இஞ்சிக்கே இந்த ஆட்டம். ஓரமாகக் காலிக் கிண்ணங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த எனக்கு உள்ளுக்குள் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. எவ்வளவு நாளாயிற்று இப்படிச் சிரித்து.

இவர் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். பெரியத்தான் பாய்ந்துபோய்த் தோளில் கை போட்டார்.

"டேய், இவனைப் பாருங்கடா. எங்கப்பாவைப் பார்த்தே வளர்ந்தவன். ஆனா வாழ்க்கையில ஒரு சொட்டு தொட்டதில்ல. என் தம்பி சொக்கத்தங்கம்டா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்குக் கல்லறையில வெச்சு ஏதோ கோவத்துல பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதடா. இந்தா, ஒண்ணே ஒண்ணு. அண்ணன் கையால."

"வேணாம்ணே. காமாலை வந்த உடம்பு."

"இது ஜெல்லிடா. இது என்ன பண்ணும்?"

எல்லோரும் கை தட்டினார்கள். தங்கம், தங்கம் என்று துரைக்கண்ணு கத்தினார். இவர் தன் அம்மாவைப் பார்த்தார். மாமியார் ஸ்வெட்டர் பையில் கையை விட்டு ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பிறகு இவர் என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வை எனக்கு இன்றைக்கும் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் அப்போது எனக்கு அது புரியவில்லை. என் மனசு முழுக்க இஞ்சியும் மிளகும்தான் இருந்தது. சாப்பிடுங்க, ஒன்றும் ஆகாது என்ற நினைப்பில், நான் சிரித்தேன்.

இவர் கிண்ணத்தை வாங்கி வாயில் கவிழ்த்தார். கண்ணை மூடினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. சத்தம் அடங்குவதற்குள் இவர் படியிறங்கிப் போய்விட்டார்.

நான் சாவகாசமாகக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு இறங்கினேன். சமையலறையில் கால் வைத்ததும் உள்ளங்காலில் அரிசி குத்தியது. டிரம்மின் மூடி தரையில் கிடந்தது. அரிசி சுற்றிலும் இறைந்திருந்தது. அப்போதுதான் உறைத்தது. அரிசி டிரம்மில் பாட்டில் ஒளிக்கலாம் என்று எனக்குக் காட்டிக்கொடுத்ததே இவர்தான். அந்தக் காலத்தில் நான் எத்தனையோ தடவை அங்கிருந்துதான் தோண்டி எடுத்திருக்கிறேன்.

கடைக்கு ஓடினேன். மோட்டார்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். முழங்கால்களுக்கு இடையில் பாட்டில். மூடி திறந்திருந்தது. கழுத்துவரை நிறைய இருந்தது.

"குடிச்சீங்களா?"

"மேல குடிச்சேனே. நீதான் பார்த்தியே."

"இதை?"

"இன்னும் இல்ல. சத்தியம் ஒடைஞ்சு போச்சு. இனிமே எதுக்குக் கைய கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

"ஐயோ, ஒடையலங்க! அதுல ஒண்ணுமே இல்ல!" நான் அவர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். கடல்பாசி, கொதி, ஆவி, இஞ்சி, மிளகு. "மாதா மேல சத்தியமா ஒரு சொட்டு இல்ல. மேல ஆடுறானுங்களே, எல்லாம் இஞ்சிக் கஷாயம்தான்."

இவர் தொண்டையைத் தடவிப் பார்த்தார்.

"தொண்டை எரிஞ்சுதே."

"மிளகுங்க."

"எரிஞ்சப்ப சந்தோஷமா இருந்துச்சு ஜூலி." பாட்டிலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அதுல ஒண்ணும் இல்லன்னு உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதே. நான் குடிக்கிறேன்னு நெனச்சுத்தானே வாயில போட்டேன். நேத்து அடுப்படியில அந்த வாசம் வந்ததுலேர்ந்து செத்துக்கிட்டிருக்கேன். நீ ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லுவேன்னுதான் உன்னைப் பார்த்தேன். அண்ணன் கோவிச்சாலும் பரவாயில்ல, நீ சொல்லுவேன்னு பார்த்தேன். நீ சிரிச்சே."

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. மாமியார் காமாலையைப் போட்டு மூடினார், நான் இஞ்சியைப் போட்டு மூடினேன். இரண்டு பேரும் சேர்ந்து இந்த மனுஷனைக் கூட்டத்துக்கு நடுவில் தன்னந்தனியாக நிறுத்திவிட்டோம். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

"இதை வாங்கிக்க" என்றார் மெதுவாக. "கீழ வைக்கணும்னுதான் பார்க்கிறேன். கை விடமாட்டேங்குது."

ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன். மூடியைத் தேடித் திருகினேன். பாட்டிலைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு எழுந்தேன்.

மாடிப்படிக்குக் கீழே மாமியார் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை. கைப்பிடியைப் பிடித்து வழியை மறித்தார்.

"எங்கடி போற?"

"பெரியத்தான்கிட்ட. காமாலை இல்ல, குடின்னு சொல்லப் போறேன்."

"வேணாம் ஜூலியட். திருநாளும் அதுவுமா வேணாம்டி. இத்தனை வருஷம் கழிச்சு வந்திருக்கான். கோவிச்சுக்கிட்டுப் போயிடுவான்."

"போனா போகட்டும் அத்தை. இவரு இருக்கட்டும்."

மாமியாரின் வாய் கோணியது. ஸ்வெட்டருக்குள் அவர் உடம்பு குலுங்கியது. கையை எடுப்பாரா மாட்டாரா என்று நான் காத்திருந்தபோது, பின்னால் இவர் வந்து நின்றார்.

"நானே சொல்றேம்மா. நகந்துக்க" என்றார்.

மாமியார் கையை எடுத்தார். மேலே யாரோ தாளம் தப்பிக் கேரல் பாடிக்கொண்டிருந்தார்கள். இவர் முதல் படியில் கால் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ பக்கத்துலயே நில்லு ஜூலி" என்றார். "சிரிச்சிடாத."

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் படியேறினோம்.